ஒன்றுமில்லைக்காரர்

மலாக்காவிலிருந்து செலண்டாருக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் இந்தப் பிராணியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இருமினால்தான் தெரியும். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி நெஞ்சு பிளக்க இருமி, ஜன்னல் வழியாகத் துப்பி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்துச் சீட்டுக்காரர் மனசு கேட்காமல், “என்னண்ணே, உடம்புக்கு என்னா?” என்று விசாரித்தால், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு முறைப்பு முறைத்து, “எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லயே” என்பார். அவரேதான். ஒன்றுமில்லைக்காரர்.

பெண்களில் இந்த ஜாதி கிடையாதா என்று கேட்கிறீர்களா? கிடையாது. பெண்களுக்கு வலித்தால் வலிக்கிறது என்கிறார்கள். நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

நம் ஆளுக்கு வியாதி என்று ஒன்று வரவே வராது. வருவதெல்லாம் சூடு, வாயு, பனி, இல்லாவிட்டால் முந்தாநாள் தின்ற கருவாடு. முதுகு வலித்தால் பாய் சரியில்லை. கண் மங்கினால் விளக்கு சரியில்லை. நாலு படி ஏறி மூச்சு வாங்கினால் படியைக் கட்டிய கொத்தனாருக்கு வேலை தெரியவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தமே உண்டு: நல்லாயிருந்த மனுஷன் உள்ளே போனான், செத்து வெளியே வந்தான், ஆகவே உள்ளே போகாதவன் சாகமாட்டான். இந்தக் கணக்கில் எங்கே பிசகு என்று கண்டுபிடித்துச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மறுபடியும் இருமுவார்.

ஊருக்கு உபதேசம் செய்வதில் மட்டும் ஒரு குறைவும் இல்லை. டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஜமாலுதீன் ராவுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், சர்க்கரை வியாதிக்கு எது ஆகும் எது ஆகாது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெந்தயம் கால் கட்டி நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அவர் வீட்டுக் கொல்லையில் அவர் ஒண்ணுக்குப் போகிற மூலையில் எறும்பு சாரை சாரையாக வருகிறது. ராவுத்தர் என்ன செய்தார் தெரியுமா? எறும்புத் தொல்லை தாங்கவில்லை என்று முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டார்.

டவுன்காரரை விடுங்கள். எறும்போடு போயிற்று. எஸ்டேட்டில் இருக்கிற ஒன்றுமில்லைக்காரரால் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கச் சர்க்கார் போட்டிருக்கிற இந்த அவசரகாலத்தில் என்னென்ன விபரீதம் வரும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நான் செலண்டாருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். எங்கள் மருதமுத்து மண்டோர் இந்த வகையில் முதல் தரம். ஆள் ஆறடி. மீசையே அரைக் கட்டி எடை இருக்கும். பால்மரம் வெட்டுகிற ஆட்களை மேய்ப்பது அவர் உத்தியோகம். அவர் குரல் கொடுத்தால் மரமே பயந்து பால் விடும் என்று ஆட்கள் சொல்வார்கள், அவருக்குக் கேட்காத தூரத்தில்.

எங்கள் தோட்டத்தில் குளிர்காய்ச்சல் பெரிய சனியன். அதற்காக விடிவதற்கு முன்னால் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்திலேயே, பேர் கூப்பிட்டு முடித்தவுடன், டிரெசர் தங்கையா ஒரு டின்னோடு வந்து ஆளுக்கு ஒரு கொய்னா மாத்திரை கொடுப்பார். டிரெசர் என்றால் எங்களுக்கு டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் அவர்தான். மாத்திரை என்றால் சாதாரணக் கசப்பு இல்லை. ஆட்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். இதைத் தடுப்பது யார்? நம் மண்டோர்தான். கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று, “ஆ காட்டு. நாக்கத் தூக்கு. இன்னுங் கொஞ்சம் தொற” என்று வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். துப்பினவன் அகப்பட்டால் தொலைந்தான். உடம்பைப் பேணத் தெரியாத காட்டுமிராண்டிகள் என்று ஒரு பிரசங்கம் நடக்கும். வெள்ளைக்காரத் துரைக்கு இதில் பரம சந்தோஷம்.

எல்லார் வாயையும் பார்த்த மண்டோர் வாயை யார் பார்ப்பது?

யாரும் பார்க்கவில்லை. டிரெசர் கொடுக்கிற மாத்திரையை மரியாதையாக வாங்கி, கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய், தொண்டையை ஏற்றி இறக்கிவிட்டு, மாத்திரையைக் காக்கிக் கோட்டின் உள்பையில் இருக்கும் பழைய தைல டப்பாவில் போட்டுவிடுவார். ஏன்? கள்ளுக்கடையில் எவனோ ஒரு மகராசன் கிளப்பிவிட்ட புரளி: இந்த மாத்திரையை நாள் தவறாமல் தின்றால் ஆம்பிளைத்தனம் அற்றுப்போகுமாம். மண்டோர் அதை நம்பினார். நம்பிக்கொண்டே மற்றவன் வாய்க்குள் டார்ச் அடித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சரி, விழுங்கவில்லை. தூர எறிந்திருக்கலாமே? அங்கேதான் ஐயாவுக்குச் சிக்கல். குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் எறிந்தால் பெண்சாதி முனியம்மா கண்ணில் படும். களத்தில் எறிந்தால் கூட்டுகிறவள் கண்ணில் படும். அதனால் டப்பா நிறையும் வரைக்கும் சேர்த்துவைத்து, வேலிக்கு வெளியே மலைப்பக்கம் ஓடுகிற ஓடையில் கொண்டுபோய்க் கொட்டுவார். இப்போது எல்லா லயத்தையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டாயிற்று. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அரிசி அகப்பட்டாலே ஜெயில். மருந்து என்றால் கேட்கவே வேண்டாம். மண்டோரை மட்டும், மண்டோர் ஆயிற்றே என்று, சலாம் போட்டு விட்டுவிடுவார்கள். அந்தத் தைரியம்.

போன மாசம் ஒரு நாள் கேட்டில் ஆள் மாறியிருந்தது. புதுக் கான்ஸ்டபிள்கள், கூடவே ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை. சின்ன வயசு, வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. இவர்களுக்கு மண்டோரும் ஒன்றுதான், மாடு மேய்க்கிறவனும் ஒன்றுதான். மலாய்க்காரக் கான்ஸ்டபிள் கோட்டைத் தடவினான். கோட்டு கலகலவென்று சத்தம் போட்டது. டப்பாவைத் திறந்தார்கள். நிறைய மாத்திரை.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகிக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இதே மாதிரி மருந்தோடு அகப்பட்ட ஒருவனை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பெண்டாட்டி பிள்ளைக்குச் சேதி வந்தபோது அவனை நாடு கடத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றியாயிற்று. இது எல்லாருக்கும் தெரியும். மண்டோருக்கும் தெரியும். மொழிபெயர்க்க என்னை ஆபீஸிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று துரை கேட்டார். தலைவலி மாத்திரை, தனக்குத்தான் என்றார் மண்டோர். பெரட்டை முடித்துவிட்டு வந்த டிரெசர் தங்கையா எட்டிப் பார்த்து, இது பெரட்டில் நான் கொடுக்கிற கொய்னா மாத்திரை ஆயிற்றே என்றார். உண்மை பேசுகிறவர்கள் வாய் சும்மா இருக்காது. உடனே மண்டோர், ஆட்கள் துப்பிப் போட்டதைப் பொறுக்கி வைத்தேன் என்று மாற்றினார். இது இன்னும் மோசமாயிற்று. அப்படியானால் இத்தனை ஆட்களும் சேர்ந்து மருந்து வசூல் பண்ணிக் காட்டுக்கு அனுப்புகிறார்களா என்று துரை வரிசையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, மாத்திரை தின்னப் பயந்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் ஆள் தப்பித்துவிடலாம். தான் வாய் பிளக்கவைத்த அத்தனை ஆண்களும் பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அதை எப்படிச் சொல்வார்? கப்பலேறினாலும் ஏறுவார், இதைச் சொல்லமாட்டார். துரை லாரியைத் திருப்பச் சொன்னார்.

அப்போதுதான் முனியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளும் மரம் வெட்டுகிறவள்தான். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. “கிராணி ஐயா, தொரைகிட்ட சொல்லுங்க. இவரு யாருக்கும் குடுக்கல. இவருதான் திங்கல. வருசக் கணக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டில் ஆடுற மாதிரி நடுங்குறாரு. என்னான்னு கேட்டா பனிங்கிறாரு.”

நான் அப்படியே சொன்னேன். துரை மண்டோரை ஏற இறங்கப் பார்த்தார். ஆறடி, மீசை. நீ காய்ச்சல்காரனா என்று நேராகக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லி வாயை மூடவில்லை. பழக்க தோஷம் பாருங்கள், லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் பெண்சாதி நிற்கிறாள், அந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்:

“எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லயே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நானே லாரியில் ஏற்றியிருப்பேன். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, டிரெசர் குறுக்கே வந்தார். காய்ச்சல் பழையதாக இருந்தால் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்படும், மாத்திரை ஒழுங்காகத் தின்றவனுக்கு அது இருக்காது, பார்த்துவிடலாமே என்றார். துரை தலையாட்டினார். கேட் பெஞ்சியில் மண்டோரைப் படுக்கவைத்துச் சட்டையைத் தூக்கினார்கள். ஒரு தோட்டமே சுற்றி நின்று ஒரு மனுஷன் வயிற்றைப் பார்த்தது.

படுத்த பிறகுதான் மண்டோருக்கு நிலைமை உறைத்தது. கட்டி இருந்தால் வீடு. இல்லாவிட்டால் கப்பல். டிரெசர் விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, தடவிக்கொண்டு யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்க மண்டோர் முகம் வெளிறியது. பிறந்ததிலிருந்து தனக்கு ஒன்றுமில்லை என்று சாதித்த அந்த வாய் இப்போது கெஞ்ச ஆரம்பித்தது. “நல்லா அமுக்கிப் பாருங்க டிரெசர் ஐயா. இருக்கும். இன்னுங் கொஞ்சம் கீழ பாருங்க, அங்கதான் வலிக்கும். ரொம்ப நாளா வலிக்குது. கண்டிப்பா இருக்குங்க ஐயா.”

இருந்தது. கை அகலத்துக்கு இருந்தது. டிரெசர் துரையின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். இவ்வளவு பெரிய வியாதி தன்னிடம் இருக்கிறது என்று கேட்டு ஒரு மனுஷன் கடவுளைக் கும்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துரை விடவில்லை. சரி, காய்ச்சல்காரன், மருந்தை ஏன் தின்னவில்லை? அதற்கும் பதில் வேண்டும். மண்டோர் கண்ணை மூடிக்கொண்டு, கள்ளுக்கடையில் கேட்டதைச் சொல்லித் தொலைத்தார். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன், பெண்கள் நிற்கிற இடத்தில்? இவருக்குக் குடும்பக் கவலை துரை என்று இங்கிலீஷில் பட்டும் படாமல் சொன்னேன். துரைக்கு விளங்கவில்லை. மலாய்க்காரக் கான்ஸ்டபிளுக்கு நான் சொல்லாமலே விளங்கி, துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டான். கடைசியில் துரையின் காதில் சொன்னேன். உரிந்த மூக்கு மட்டுமல்ல, காதும் சிவந்துபோயிற்று. லாரியை வெறுமனே அனுப்பிவிட்டு, மண்டோரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கச் சொன்னார்.

ஆட்கள் சிரித்தார்களா? வாய்விட்டுச் சிரித்தார்கள், நாள் முழுக்கச் சிரித்தார்கள். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மண்டோர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, கப்பலிலிருந்து தப்பித்தாயிற்று, மானம்தான் போயிற்று என்று அவர் என்னிடம் புலம்பியதை முனியம்மா கேட்டுக்கொண்டே கஞ்சி ஆற்றினாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: “கப்பலேத்தியிருந்தாலும் பின்னாலயே வந்திருப்பேன். அந்தக் கட்டி உள்ளுக்குள்ள வெடிச்சா டக்குனு உசிரு போயிரும்னு டிரெசர் ஐயா சொன்னாரு. அங்க எப்படி வருவேன்?”

மண்டோர் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள். சந்தோஷம். காய்ச்சலுக்குப் பயந்து மாத்திரை தின்பதா, மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலோடு கிடப்பதா என்று இந்த மண்டோர்களுக்குப் புத்தி சொல்ல நம்மைவிட்டால் யார்? ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த இடது தோள்பட்டை வலி, தூங்கும்போது கை வைத்த கோளாறுதானே? போன தீபாவளிக்குத் தொடங்கின இருமல், ரப்பர் புகைதானே? நல்லது, நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் மடித்து எங்கேயாவது சொருகிவிடாமல் உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். அவர் வாசித்துவிட்டு மண்டோரை நினைத்துச் சிரித்தால் நீங்கள் பிழைத்தீர்கள். சிரிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். டிரெசர் பன்னிரண்டு மணி வரைக்கும் இருப்பார்.