தலை நனைத்த சம்பந்தம்

ஒழுங்கான மனிதன் தவறு செய்தால், அதையும் ஒழுங்காகத்தான் செய்வான். அவசரக்காரன் பாதியில் குழம்பி, பாதியில் தப்பித்துவிடுவான். நான் ஒரு படியையும் விடாமல், முழுமையாகத் தவறு செய்து முடித்தவன். என் தலைமுடிக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறேன்.

போர் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. அங்கே எல்லாமே பெயர் எழுதி, எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நான் தனியாகக் குடியிருந்த வீட்டுச் சமையலறையும் அப்படித்தான். உப்புக்கு அடுத்து உளுந்து, கடுகுக்கு அடுத்து கல்கண்டு. (நாமக்கல்லில் இருக்கும் என் அக்கா ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன சாமி, சமையக்கட்டா, பள்ளிக்கூடமா?" என்றார்.)

என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, ஐம்பதை நெருங்கும் வயதில், அந்த அக்காதான் எனக்கு மறுபடி பெண் பார்த்தார். பெண் பெயர் ஸ்டெல்லா. தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அயோத்தியாப்பட்டணத்தில் அண்ணன் சேவியர் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு.

சிக்கல், அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் படத்தில் இருந்தது. அது பழைய படம். அதில் இருப்பவனுக்குத் தலை முழுக்கக் கறுப்பு. எனக்கோ முன்பக்கம் முழுவதும் வெள்ளை. பில்லும் சரக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பில்லைத் திருத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரக்குக்குச் சாயம் அடிக்கலாம் என்று தோன்றியது.

கடைச் சாயம் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. நாட்டு மருந்துக் கடையில் விசாரித்து மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கினேன். "ஒண்ணு போட்டு அலசிட்டு, அப்புறம் இன்னொண்ணு போடுங்க. கருகருன்னு ஆயிரும்" என்றார் கடைக்காரர். எதை முதலில் போடுவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் டப்பாக்களில் கொட்டி, பெயர் ஒட்டி, உரிய இடத்தில் வைத்தேன். அவலுக்கு அடுத்து அவுரி. மஞ்சளுக்கும் மல்லிக்கும் நடுவே மருதாணி.

சனிக்கிழமை மாலை, வரிசையில் முதலில் நின்றதை முதலில் எடுத்தேன்.

அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், கறுப்பு முடியெல்லாம் கறுப்பாகவே இருந்தது. வெள்ளை முடியெல்லாம் பச்சை. இலைப் பச்சையும் இல்லை. தென்னைக்கு வைக்கும் மயில்துத்தத்தை நீர்விட்டுக் கரைத்தால் ஒரு நிறம் வருமே, அது. அந்த நிலையிலாவது இரண்டாவது டப்பாவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பேன். பயத்தில், போட்டதை நீக்கப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சமையல் சோடா தேய்த்தேன். சீயக்காய் தேய்த்தேன். ஒவ்வொரு அலசலுக்கும் தலை இன்னும் பளிச்சென்று ஆனது. அழுக்குதான் போயிற்று போலும்.

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பெண்களுக்காவது முக்காடு இருக்கிறது, கோயிலுக்குள் ஆண்கள் தொப்பியைக்கூடக் கழற்ற வேண்டும். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, கதவைத் திறந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏஞ் சாமி, தலையில பாசி புடிச்சிருக்குது?"

நடந்ததைச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிடலாம் என்றேன்.

"இதுக்கு முந்தி ரெண்டு பேரு அந்தப் புள்ளையப் பாக்க வாரோமுன்னு சொல்லிப்போட்டு, கடைசி நேரத்துல போன்லயே கழண்டுக்கிட்டானுங்க. நீ மூணாவது ஆளா போன் பண்ணு, நான் அப்படியே நாமக்கல் பஸ்ஸப் புடிக்கறேன்."

"மொட்டை அடிச்சுட்டு, மாதாவுக்கு நேர்ச்சைன்னு சொல்லிரலாமா அக்கா?"

"நீ பண்ணுன கூத்துக்கு மாதாவ இழுக்காத. வண்டிய எடு."

அக்காவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சேவியர் வீட்டுக்குள் நுழைந்து, கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தேன். "அதை இப்படிக் குடுங்க, மாட்டி வைக்கறேன்" என்று சேவியர் கை நீட்டினார். "இருக்கட்டுங்க" என்றேன். காப்பி வந்தது. முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குடிக்கப் பார்த்தேன். தம்ளர் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியைத் தாண்டவில்லை.

அப்போது ஸ்டெல்லா வந்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"இது தார்சு வீடுதாங்க. ஓடு எதுவும் தலையில விழாது."

கழற்றினேன். சேவியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அக்கா வாயைப் பொத்தப் புடவைத் தலைப்பைத் தேடினார். ஸ்டெல்லா மட்டும் அருகில் வந்து, ஒரு முடிக் கற்றையை விரலில் பிரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அவுரிய முதல்ல போட்டீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"எழுத்து வரிசைங்க. அ முதல்ல வருது."

அதற்குத்தான் அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. மிச்சம் வைக்காமல் முழுசாகச் சிரித்து முடித்துவிட்டு, "மருதாணி போட்டு, அது மேல அவுரி போட்டாத்தாங்க கருப்பு வரும். வாங்க, சரி பண்ணிரலாம்" என்றார். நான் தயங்கியதும், "என் தலை மட்டும் கர்த்தர் குடுத்த கலர்னு நினைச்சீங்களா?" என்றார். பெண் பார்க்க வந்தவனிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நரையை மறைக்க இரவு முழுக்கப் பாடுபட்ட நான், கூசிப்போய் எழுந்து பின்னால் நடந்தேன்.

பின்வாசல் குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் கையில் ரப்பர் கையுறை. "குனிங்க. இன்னும் கொஞ்சம். காத மூடிக்குங்க." மருதாணியை அப்பி, ஜவுளிக்கடைப் பையால் தலையைச் சுற்றிக் கட்டினார். பெண் பார்க்கும் சடங்கு வழக்கமாக அரை மணியில் முடிந்துவிடும். மருதாணி ஊற இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே பேசினோம்.

"இந்தத் தலையோட ஏங்க வந்தீங்க? போன் பண்ணியிருக்கலாமே?"

நல்ல பதில் ஒன்றைச் சொல்ல ஆசைதான். "பண்ணத்தாங்க பாத்தேன். அக்கா விடல" என்றேன்.

ஸ்டெல்லா என் தலைப் பையின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். "போன் பண்ணுனவங்களுக்கெல்லாம் தலை நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார் பிறகு.

என் மனைவியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கழுத்தில் ஆரஞ்சு நீர் வழிய, தலையில் பையோடு, ஆறு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் அவசரமில்லாமல் கேட்டார். நடுநடுவே துண்டால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

அவுரியும் அப்பியானபோது மதியம் கடந்திருந்தது. சேவியர் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா மறுத்துவிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. பேச்சு முடிவாகாம பொண்ணு ஊட்டுல நாங்க கை நனைக்கறதில்லைங்க."

"மாப்பிள்ளைக்குத் தலையவே நனைச்சாச்சு. இனிக் கையில என்னங்க இருக்குது?" என்றார் சேவியர்.

எல்லாரும் ஸ்டெல்லாவைப் பார்த்தோம். அவர் கையுறையைக் கழற்றிக் குழாய் மேல் போட்டார்.

"நனைக்கச் சொல்லுண்ணா" என்றார்.

அக்கா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த மாதம் கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, எங்கள் கல்யாணமும் நடந்தது. என் தலை அன்று கருகருவென்றுதான் இருந்தது. ஆனால் யாரும் அந்தக் கறுப்பை நம்பவில்லை.

இப்போது எங்கள் இரண்டு குடும்பங்களிலும் எந்த வரன் வந்து போனாலும் போனில் முதல் கேள்வி ஒன்றுதான்: "கையா, தலையா?" கை என்றால் சாப்பிட்டார்கள், நல்ல சேதி என்று பொருள். தலை என்று இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணுங்க" என்பார் ஸ்டெல்லா.