நீலப்பாறைக்கிளியும் என் பெயரும்

மட்டாஞ்சேரி,
மார்கழி முதல் வாரம்.

மரியாதைக்குரிய மச்சான் வாஞ்சிநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் நீலமேகம் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் நலம். அதைவிட முக்கியம், நான் வீட்டில் இருக்கிறேன், லாக்கப்பில் இல்லை. வக்கீலை ஏற்றிக்கொண்டு வேன் வர வேண்டாம் என்று போனில் சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குள் நீங்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதனால்தான் சுக்கு லாரி ஓட்டும் பாண்டித்துரை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குருவி. சிரிக்காதீர்கள். எங்கள் கடைக்கு எதிரே பூட்டிக் கிடக்கிற அரிசிக் கிட்டங்கி இருக்கிறதல்லவா, அதன் ஓட்டு முகட்டில் வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் வடக்கேயிருந்து ஒரு குருவி வந்து உட்காரும். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, பங்குனியில் போய்விடும். உங்கள் தங்கை பாக்கியலக்ஷ்மி சமையலறை ஜன்னலில் நின்று அதோடு தினமும் பேசுவாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் பாஷை தெரியாமல் தனியாகக் கிடந்தவளுக்கு முதலில் கிடைத்த சிநேகம் அதுதான். நான் கீழே கடையில் இருமிக்கொண்டிருந்தால் அவளுக்குக் கேட்காது, அது ஒரு கீச்சு விட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். போன வருஷம் திருப்பூணித்துறையிலிருந்து ஸ்நேஹா என்று ஒரு கல்லூரிப் பெண் பைனாகுலரும் கையுமாக வந்து, இது பூங்குருவி ஜாதி, பெயர் நீலப்பாறைக்கிளி என்று இவளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. மலையாளத்தில் எல்லாக் குருவியும் கிளிதான், அதை விடுங்கள். அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். அப்போது எனக்கு அந்தப் பெயர் தெரியாது, கேட்டாலும் இவள் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்பியதை இவள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் கல்யாணமான நாளிலிருந்து “ஏங்க”, “இந்தாங்க”, “உங்களைத்தான்” என்றே வாழ்ந்துவிட்டேன். ரேஷன் கடையில் என் பெயர் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவாள். நீலம் என்ற நிறத்தைக்கூடச் சொல்ல மாட்டாள். கடையில் போய் “வேட்டிக்குப் போடுற சொட்டு” என்றுதான் கேட்பாள்.

இந்த வருஷம் கார்த்திகை முடிந்தும் குருவி வரவில்லை. இவளுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்குக் குழம்பில் உப்பு இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஷபானா போனை வாங்கி, தெரு வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டிருக்கிறாள்: “எங்க குருவியைக் காணோம். ரொம்ப வருஷமா எங்ககூட இருக்கு. நிறம் வேட்டிக்குப் போடுற சொட்டு மாதிரி. பார்த்தவங்க சொல்லுங்க. பேரு மட்டும் கேக்காதீங்க.” அந்தக் கடைசி வார்த்தை யாருக்கோ உறுத்தியிருக்கிறது, வன இலாகாவுக்குத் தட்டிவிட்டார்கள். காட்டுப் பறவையைக் கூண்டில் வளர்த்தால் கேஸ் ஆகும் மச்சான். மறுநாள் ஜீப் வந்து நின்றது.

வந்தவர் சுதீர் என்று ஒரு நல்ல மனுஷர். மாடிக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கூண்டு! முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. காற்றோட்டமாக இருக்கும் என்று இவள் அதில் சின்ன வெங்காயம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். அவர் கேட்டார்:

“சேச்சி, கிளியோட பேரு பறயூ.”

“சொல்ல மாட்டேன்.”

“அதெந்தா?”

“சொல்லக் கூடாது.”

“ஆரு பறஞ்ஞு, சொல்லக் கூடாதுன்னு?”

“எங்க அம்மா.”

“ஓ, அம்மைக்கும் இதில் பங்குண்டோ!” என்று அவர் உங்கள் அம்மாவையும் குறித்துக்கொண்டார். இவள் பயந்துபோய், “ஐயோ, அது எங்க வீட்டுக்காரர் பேருங்க, அதான்” என்றாள். கெட்டது கதை. ஆசையாகப் பெயர் வைத்து வளர்க்கிறார்கள் என்று ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். சுக்குத் தூசியோடு மாடியேறி என் பெயரைச் சொன்னேன். “அப்போ கிளி நீலமேகம் எவிடெ?” என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல! எதிர்க் கூரையைக் காட்டினேன். அங்கே ஒரு காக்காய்கூட இல்லை. “அது காட்டுக் குருவி சார், இந்த வருஷம் இன்னும் வரல” என்றால், என்ன குருவி என்கிறார். எனக்குத் தெரிந்தால்தானே? ஸ்நேஹாவுக்குப் போன் போட்டால் அந்தப் பெண் பரீட்சையில் இருக்கிறது. ஆபீசுக்கு வந்து விவரமாகச் சொல்லுங்கள் என்று என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் இவள் உங்களுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள்.

பஜாரே கூடிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்று பார்க்கிறார்கள். எனக்கு மானமே போய்விட்டது மச்சான். வண்டி உறுமுகிறது, உங்கள் தங்கை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “நீலப்பாறைக்கிளி! நீலம்! நீலமேகத்துல வர்ற நீலம்!” என்று தெருவே அதிரக் கத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சுதீர் இறங்கி வந்தார். “நீலப்பாறக்கிளியோ! அது மஞ்ஞுகாலத்து விருந்தாளியல்லே சேச்சி, அதை ஆரு கூட்டிலிடும்? இது ஆத்யமே பறஞ்ஞூடே?” என்று தலையில் அடித்துக்கொண்டார். பனிக்காலத்துக்கு வந்து போகிற குருவியாம், அதை யாரும் கூண்டில் அடைக்க மாட்டார்களாம், முதலிலேயே சொல்லக் கூடாதா என்கிறார். அப்புறம் மேலே வந்து வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்து, ஒரு சாயா குடித்துவிட்டுப் போனார். கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயம் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் என் பெயரை அவள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு இருக்கிறது நல்ல பெயர்தான் போலிருக்கிறது.

ஆனால் அவளுக்குப் பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. என் ஆயுளைக் குறைத்துவிட்டாளாம். ராத்திரி என் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். நான் தும்மினால் கற்பூரம் ஏற்றுகிறாள். நல்லவேளையாக நேற்றுக் காலையில் ஜன்னலிலிருந்து ஒரு கூச்சல். போய்ப் பார்த்தால் எதிரே முகட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது! “பேரைச் சொல்லியும் அதுக்கு ஒண்ணும் ஆகலைங்க, பத்திரமா வந்திருச்சு. அப்ப உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தாள், அழுதாள், வயிறாரச் சாப்பிட்டாள். பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு நீங்கள்தான் வேண்டும். பேரைச் சொன்னால் ஒன்றும் ஆகாது, அம்மா அந்தக் காலத்தில் சொன்னது, தாராளமாகச் சொல்லு என்று அண்ணனாக ஒரு போன் போடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். வீணாக வேட்டி மாற்றிய வக்கீலுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
வெளியே இருக்கும் தங்கள்
நீலமேகம்

பி.கு.: காலையில் கடிதத்தை ஒட்டப் போகும்போது ஜன்னலிலிருந்து இவள் குரல்: “நீலமேகம்! சாயா ஆறுது!” மீதிப் பயமும் தானாகவே போய்விட்டது போலிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதிலிருந்து பஜார் முழுக்க “நீலமேகம், சாயா ஆறுது!” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே மேலே கேட்டதை ரத்து செய்துவிடுங்கள். அம்மா சொன்னது சரிதான், பேரைச் சொல்லவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் ரொம்பக் கண்டிப்பாக வேண்டாம் மச்சான். வெள்ளிக்கிழமை ஒரு தடவை சொல்லலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.