கபிரியேலின் குறை அறிக்கை

இனி ஒரு பெட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு எங்கும் குடிபோவதில்லை என்று கபிரியேல் தீர்மானித்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோராண்டு தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வுபெற்ற கையோடு கிள்ளான் வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குப் புதுக் கூரை போட்டார். கூரையின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மீதி வாழ்நாளுக்கு அவர் வைத்திருந்த திட்டம் அந்த நாற்காலிதான்.

அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டவர் கடவுள். அப்படித்தான் விவியன் சொன்னாள்.

விவியன் அவருடைய மனைவி. நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் இறையியல் படித்தாள். கபிரியேல் தடுக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜும்பா ஆடப் போகிறார்கள், இவள் வேதம் படிக்கப் போகிறாள் என்று இருந்துவிட்டார். படித்து முடித்தவள் போதகராக விண்ணப்பம் போட்டபோதுதான் அவருக்கு விபரீதம் புரிந்தது. மெதடிஸ்ட் சபையில் போதகர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. அனுப்புகிற ஊருக்குப் போக வேண்டும். போதகர் போனால் போதகரின் வீட்டுக்காரரும் போக வேண்டும். நாற்காலி கூடவே வரும், கூரை வராது.

"ஏன் விவி, இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?"

"கூப்பிட்டது நீங்களா இருந்தா, 'கொஞ்சம் இருங்க, அடுப்புல வேலையா இருக்கேன்'னு சொல்லியிருப்பேன். கூப்பிட்டது அவரு லா."

"அவருக்கு ஆம்பளைங்க யாரும் கிடைக்கலையா?"

"கூப்பிட்டுத்தான் இருப்பாரு. நாற்காலிய விட்டு எழுந்திருக்க மனசு வந்திருக்காது."

கபிரியேல் நாற்காலியில் சற்று நெளிந்தார். விவியன் துணி மடித்துக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"இருபத்தாறு வருஷமா ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு நோவா கதை சொல்லிட்டேங்க. அந்தப் பேழையில நான் ஏத்தாத மிருகம் பாக்கி இல்ல. பெரியவங்க முன்னாடி நின்னு பேசணும்னா மட்டும், போதகருக்குக் காய்ச்சல் வரணும்."

அந்த வார்த்தை கபிரியேலின் நெஞ்சைச் சற்றே தொட்டது. கூரை அதைவிட அழுத்தமாகத் தொட்டது.

விண்ணப்பத்தோடு கணவரின் கடிதமும் வேண்டுமென்று சபையில் கேட்டிருந்தார்கள். மனைவிக்குக் காட்டாமல், மூடிய உறையில் தர வேண்டும். விவியன் அந்த உறையைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"பாராட்டியெல்லாம் எழுத வேணாங்க. என்கிட்ட என்ன குறையோ அதை எழுதுங்க. உங்க ஃபேக்டரி ரிப்போர்ட் மாதிரி தேதி போட்டு, நேரம் போட்டு."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

ஆடு தானாகவே வந்து கசாப்புக் கடையில் வரிசை பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டார் கபிரியேல். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். நான்கு பக்கம் வந்தது. தொழிற்சாலையில் அவர் குறை அறிக்கை எழுதிய பொருள் எதுவும் வாசல் தாண்டியதில்லை. இவள் மட்டும் தாண்டிவிடுவாளா?

பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் பின்னறையில் நேர்காணல் நடந்தது. இருவரையும் சேர்த்தே அழைத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர் ரெவரண்ட் ஜானிஸ். "பிரதர் கபிரியேல், உங்க கடிதத்த சத்தமா வாசிக்கலாமா?" என்று அவர் கேட்டதும், கபிரியேல் பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

"'மார்ச் எட்டு, மாலை ஐந்து நாற்பது. மேரு தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் கை நசுங்கிய ஒரு நேப்பாளத் தொழிலாளியைப் பார்க்க மழையோடு கிளம்பிவிட்டாள். எனக்குத் தேநீர் போட ஆளில்லை.

'ஏப்ரல் இரண்டு. எனக்காகச் சமைத்த கோழிக் கறி சட்டியோடு துக்க வீட்டுக்குப் போனது. கறி திரும்பவில்லை. சட்டியும் திரும்பவில்லை.

'மே பத்தொன்பது. பெயர்கூடத் தெரியாத ஒரு நோயாளி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நான் மருத்துவமனைக்கு வெளியே, காரில், வெயிலில்.

'ஜூன் முதல் ஞாயிறு. ஆறு ஆண்டுகளாக என்னோடு பேசாதிருந்த என் தங்கை சூசனை, என்னைக் கேட்காமலே சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். இப்போது தங்கை வாரந்தோறும் வருகிறாள்.

'தேதி குறிப்பிட இயலாதது: நான் கத்தினால் எதிர்த்துப் பேசுவதில்லை. கண்ணை மூடிக்கொள்கிறாள். எனக்காக ஜெபிக்கிறாளோ என்ற சந்தேகத்தில் என்னால் நிம்மதியாகக் கத்த முடியவில்லை.'"

மேசையின் ஓரத்திலிருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்துவிட்டது என்று கபிரியேல் மகிழ்ந்தார். முதியவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எங்கோ திருகு கழன்றுவிட்டது என்று உறைத்தது.

"இத்தனை வருஷமா எங்களுக்கு வந்த கடிதமெல்லாம், 'நல்லவர், பக்தியுள்ளவர்', அவ்வளவுதான் பிரதர்" என்றார் ரெவரண்ட் ஜானிஸ். "ஒரு சம்பவம் இருக்காது, ஒரு தேதி இருக்காது. ஒரு போதகர் என்னவெல்லாம் செய்யணுமோ, அதை நீங்க நேரத்தோட எழுதிக் குடுத்திருக்கீங்க. இதெல்லாம் உண்மைதானே?"

தப்பிக்க ஒரு வழி திறந்தது. கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும். கூரையும் நாற்காலியும் பிழைக்கும். ஆனால் முப்பத்தோராண்டில் கபிரியேலின் அறிக்கையை யாரும் பொய்யென்று சொன்னதில்லை. அவரைக் கேட்காமலே அவருடைய முதுகு நிமிர்ந்துகொண்டது.

"ஒரு நிமிஷங்கூட தப்பில்ல ரெவரண்ட்! வேணும்னா டைரிய கொண்டு வரேன்."

"வேணாம் லா. இதுவே போதும்."

மூன்று கைகளும் ஒன்றாக உயர்ந்தன. பக்கத்தில் விவியன் கண்ணை மூடியிருந்தாள். ஜெபமா, அசதியா என்று கபிரியேலுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். கார் ஊர்ந்தது.

"நான் என்ன எழுதுவேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கட்டிக்கிட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுங்க. பாராட்டச் சொன்னா நாலு வரி எழுதுவீங்க. குறை சொல்லச் சொன்னா நாலு பக்கம்."

சுபாங் தாண்டியதும் கபிரியேல் பெருமூச்சு விட்டார்.

"சரி. நீ பிரசங்கம் பண்ணு. எந்த ஊருக்கு அனுப்புனாலும் வரேன். ஆனா ஒண்ணு. அங்க வந்து நான் சும்மா உக்காந்திருப்பேன். சபை வேலை எதுக்கும் என்னைக் கூப்பிடக்கூடாது. ஆமா."

விவியன் கைபேசிக்கு வந்திருந்த செய்தியைப் படித்தாள். கணவரைப் பரிதாபமாக ஒருமுறை பார்த்தாள்.

"ரெவரண்ட் ஜானிஸ்தாங்க. போதகர் மனைவிமார் ஐக்கியத்துல மினிட்ஸ் எழுத ஆளில்லாம இருந்தாங்களாம். உங்கள செக்ரட்டரியா போட்டாச்சாம்."

"மனைவிமாரா? நான் எப்படி..."

"புதன்கிழமை மீட்டிங். புதுசா சேர்ந்தவங்கதான் பலகாரம் கொண்டு வரணுமாம். உங்களுக்குக் கேசரி கிண்டத் தெரியும்தானே?"