இயக்குநர் குழுவில் ஒரு முள்ளம்பன்றி

ஒரு காட்டில் மழைக்கும் குறைவில்லை, மீட்டிங்குக்கும் குறைவில்லை. அங்கே ஏரித் தண்ணீரை விற்கும் கம்பெனி ஒன்றை ஒன்பது ஆண் நரிகள் நடத்திவந்தார்கள். ஒருநாள் சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இயக்குநர் குழுவில் ஒரு பெண், ஒரு வேற்றினம், ஒரு சிறுபான்மை கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

"மூணு நாற்காலியா?" என்று முனகியது ஒரு நரி.

தலைவர் சபேசநரி தாடையைச் சொறிந்தார். "மூணும் ஒரே ஆளா இருந்துட்டா?"

அப்படித்தான் வடிவாம்பாள் என்ற முள்ளம்பன்றி இயக்குநர் ஆனாள். காட்டில் முள்ளம்பன்றிகள் மொத்தமே பதினொன்று. இருபது வருடம் ஏரிக்கரையைத் தோண்டித் திரிந்தவள். மண்ணை முகர்ந்தே ஈரம் சொல்வாள். அதை யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் கூட்டத்திலேயே சொன்னாள்: "கரையில கசிவு இருக்குங்க. மதகைத் திறந்து தண்ணியைக் குறைக்கணும். கீழ முயல் குடியிருப்பு இருக்கு."

"உங்க கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்மா" என்றார் சபேசர். குறிப்பேட்டில் 'உறுப்பினர் வாழ்த்துரை வழங்கினார்' என்று ஏறியது.

ஐப்பசி அடைமழையில் கரை விரிசல் விட்டது. அன்று மதியமே அவசரக் கூட்டம். நரிகள் ஒன்பது பேருக்கும் திடீரென்று சமத்துவம் பொங்கியது.

"எத்தனை நாளைக்குத்தான் நாங்களே ஆள்றது? இனிமே நீங்கதான் தலைவி" என்று சபேசர் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

கரை உடைந்தால் யார் தலை உருளும் என்று வடிவாம்பாளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மதகுச் சாவி தலைவர் பதவியோடு வருவது. உட்கார்ந்தாள், சாவியை வாங்கினாள், நாற்காலி சூடாகுமுன் எழுந்து ஓடினாள்.

கழுத்தளவு சேற்றில் நின்று மதகைத் திறந்தாள். ஏரி வடிந்தது. கரை நின்றது. முயல்கள் விஷயமே தெரியாமல் சாயங்காலம் புல் மேய்ந்தன.

மறுவாரம் சிங்கம் விழா எடுத்தது. தக்க சமயத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைமைக் கதவைத் திறந்துவிட்ட தொலைநோக்குக்காகச் சபேசருக்கு விருது, மாலை, மேளம். வடிவாம்பாளுக்கு ஒரு நோட்டீஸ்: விற்க வேண்டிய தண்ணீரை வீணாக்கியது ஏன்?

நீதி: மதகைத் திறந்தவள் காலில் சேறு, கதவைத் திறந்துவிட்டவர் கழுத்தில் மாலை. ஆகவே பிள்ளைகளே, எப்போதும் கதவோரமாகவே நில்லுங்கள்.