தாழங்கோட்டையின் கூட்டுக்கரம்

தாழங்கோட்டை என்றொரு நாடு இருந்தது. இன்னும் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் வழக்காடப் போவதில்லை. அந்த நாட்டில் எல்லோருடைய முன்னோர்களும் வேறெங்கிருந்தோ வந்தவர்கள்தாம். படகில் வந்தவர்களின் வாரிசுகளுக்கு ஆற்றுவழியார் என்று பெயர். கணவாய் வழியே நடந்து வந்தவர்களின் வாரிசுகளுக்கு மலைவழியார் என்று பெயர். முதலில் வந்தது யார் என்பதைப் பற்றி நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. பிறகு சிலர் கவலைப்படத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நல்ல பதவிகள் கிடைத்தன.

சந்தைத் தெருவில் பொன்னுருவி என்ற மலைவழிப் பெண் கூழ்க்கடை வைத்திருந்தாள். கணவன் இறந்துவிட்டான், இரண்டு பெண் குழந்தைகள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அடுத்த வீட்டில் வண்டிப் பட்டறை நடத்திய மருதையனும் அவன் மனைவி அன்னக்கொடியும் ஆற்றுவழியார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவரும் பொதுவாக ஒரு கிணறும் இருந்தன.

ஒரு நாள் நடுப்பகலில் பொன்னுருவியின் கூரை மேல் கல் விழுந்தது. மலைக்கே திரும்பிப் போ என்ற கூச்சலும் கூடவே வந்தது. மருதையன் செதுக்கிக்கொண்டிருந்த சக்கர ஆரக்காலைக் கையில் பிடித்தபடி தெருவில் வந்து நின்றான். எறிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அத்தோடு அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்து அவள் முறையிடப் போனாள்.

கல் விழுந்தது கூரை மேல் என்பதால் அது கட்டடத் துறையின் பொறுப்பு என்றது காவல் துறை. கல் மலையிலிருந்து வெட்டியது, ஆகவே சுரங்கத் துறையிடம் கேள் என்றது கட்டடத் துறை. கல்லை விடக் கூச்சல்தான் பெரிய குற்றம், மொழித் துறைக்குப் போ என்றது சுரங்கத் துறை. மொழித் துறையினர் கூச்சலைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதில் பிழை ஏதும் இல்லை என்று சான்று கொடுத்தார்கள்.

இந்தச் செய்தி மன்னர் நெடுமுடியாரின் காதுக்குப் போனது. மன்னர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே வருந்தினார், ஒரு வேளை சாப்பிடக்கூட இல்லை. துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால்தானே இந்தக் கதி என்று எல்லாத் துறைகளையும் சேர்த்துக் ‘கூட்டுக்கரம்’ என்ற அவையை அமைத்தார். அதற்குத் தலைமை இணைப்பாளராகச் செந்நாவரையர் என்ற அறிஞரை அமர்த்தினார். செந்நாவரையர் பேசினால் கேட்பவர்களுக்குப் புரியாது, ஆனால் நிம்மதியாக இருக்கும்.

கூட்டுக்கரத்தின் முதல் ஆணை, இனி எந்தத் துறையும் தனித்துச் செல்லக் கூடாது, எல்லாத் துறையும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் கல் விழுந்தால் காவலர் தீயணைக்கும் தண்ணீர்ப்படைக்காகக் காத்திருந்தார், தண்ணீர்ப்படை வைத்தியருக்காகக் காத்திருந்தது, வைத்தியர் நீதிபதியின் பல்லக்குக்காகக் காத்திருந்தார். பல்லக்குத் தூக்குபவர்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பது அதுவரை முடிவாகியிருக்கவில்லை.

வெறுப்பு என்ற சொல்லே வெறுப்பை வளர்க்கிறது என்றது இரண்டாவது ஆணை. இனி அதை ‘உறவுச் சலனம்’ என்றே குறிக்க வேண்டும். எறிந்தவர் மனத்தில் சலனம் இருந்ததா என்று எல்லாத் துறைகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட பிறகே விசாரணை. ஒருமனது என்பது லேசில் கிடைக்கிற சாமானா?

மூன்றாவது ஆணை கதவுகளைப் பற்றியது. ஆபத்தில் இருக்கும் வீடுகளைத் துறைகள் உடனே அடையாளம் காண வசதியாக, மலைவழியார் வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்பால் வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். வீடுகள் சுலபமாக அடையாளம் தெரிந்தன. துறைகளுக்கு முன்பாக மற்றவர்களுக்குத் தெரிந்தன.

பொன்னுருவி அந்தப் பட்டையைக் கழுவினாள். மறுநாள் வந்து மறுபடி தீட்டினார்கள். “உன் பாதுகாப்பை நீயே அழிக்கலாமா, அம்மா?” என்று செந்நாவரையரே நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சலனம் நடக்கும் இடத்துக்குப் பொதுமக்கள் போனால் சலனம் பெருகும், ஆகவே கூட்டுக்கரம் வரும்வரை யாரும் அங்கே போகக் கூடாது என்று நான்காவது ஆணை வந்தது. அதை மருதையன் தன் பட்டறை வாசலில் நின்று கேட்டான். கேட்டுவிட்டுச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கப் போய்விட்டான்.

மன்னரின் பிறந்தநாளன்று பிற்பகலில் பொன்னுருவி கேழ்வரகு வாங்கப் போயிருந்தாள். குழந்தைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துறைகள் எல்லாம் மைதானத்தில் மாலை ஊர்வலத்தில் சேர்ந்து நடப்பதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் யாரோ அவள் கூரைக்குத் தீ வைத்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து, ஆணையை நினைத்துக்கொண்டு நின்றது. மருதையன் மட்டும் சுவர் ஏறிக் குதித்தான். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினான், வழி கிடைத்ததும் உள்ளே போய் இரண்டு பெண்களையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெளியே விட்டுவிட்டு மறுபடி குடத்தை எடுத்தான். பொன்னுருவி ஓடி வந்தபோது குழந்தைகள் இருமிக்கொண்டு நின்றார்கள். அவள் அவன் காலைத் தொடப் போனாள்.

“எந்திரி தாயி, இன்னும் நெருப்பு இருக்கு” என்றான் அவன்.

அப்போதுதான் கூட்டுக்கரம் வந்தது. எல்லாத் துறையும் ஒரே வரிசையில், ஒருவர் முந்தாமல், ஒருவர் பிந்தாமல் வந்தன. அதைவிட அழகான ஊர்வலத்தை அந்தத் தெரு கண்டதில்லை. கூரை அதற்குள் விழுந்திருந்தது. சலனம் நடந்த இடத்தில் ஆணையை மீறித் தனியாக நின்றவன் ஒருவன்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை மன்னர் முன்னால் நடந்தது. காப்பாற்றும் அளவுக்கு அவன் முன்கூட்டியே அருகில் இருந்தது எப்படி என்று காவல் துறை கேட்டது. அடுத்த வீடு என்றான் மருதையன். அந்த விடை மிகவும் தயாராக இருப்பதாக நீதிபதி கருதினார். செந்நாவரையர் எழுந்து, குற்றவாளியின் கையிலிருந்து கைப்பற்றிய குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

“தீயணைக்க வந்தவனின் குடம் இப்படித்தான் காலியாக இருக்குமா, அவையோரே?” என்றார்.

பொன்னுருவி முன்னால் வந்தாள். “ஊத்தினா குடம் காலியாத்தானேங்க சாமி இருக்கும்? எம்புள்ளைங்க ரெண்டும் உசுரோட நிக்குதுங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மன்னர் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். ஆனால் துறைகள் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒருமனதாக இருந்தன. அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. மருதையனை எல்லைக் கல்லுடைப்புக்கு அனுப்பினார்கள். தீ வைத்த மருதையன் பிடிபட்டான் என்று தெருத்தெருவாக முரசறைந்து சொன்னார்கள்.

முரசை நம்பிய மலைவழி இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். இதுவரை கல்லெறியாதவர்கள்தான். அரசாங்கமே பெயர் சொல்லிய பிறகு அவர்களுக்குச் சந்தேகம் எதற்கு? ஒரு காலையில் அவர்கள் மருதையனின் பட்டறைக்குத் தீ வைத்தார்கள்.

இம்முறை தெருவில் யாரும் கை கட்டி நிற்கவில்லை. ஆற்றுவழியாரும் மலைவழியாரும் ஆளுக்கொரு குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிறைகுடத்தோடு போனால் நான்காவது ஆணை தொடாது என்று தெரு முடிவுகட்டியிருந்தது. பட்டறையைச் சுற்றி வளைந்து நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். யாரும் ஊற்றவில்லை. ஊற்றினால் குடம் காலியாகிவிடும்.

அன்னக்கொடி மட்டும் கிணற்றுக்கும் தீக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். பொன்னுருவியும் இடுப்பில் குடத்தோடு வந்திருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பொன்னுருவி, நீயுமாடி?” என்று கேட்டாள் அன்னக்கொடி. அதற்கு மேல் கேட்க அவளுக்கு நேரம் இல்லை, அடுத்த குடம் இறைக்கப் போய்விட்டாள்.

பொன்னுருவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கையில் எடுத்தாள். சின்னவள் அம்மா என்றாள். அவள் குடத்தை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

அந்த ஆண்டு கூட்டுக்கரம் மன்னரிடம் கொடுத்த அறிக்கையில் தாழங்கோட்டையின் நல்லிணக்கம் இதுவரை காணாத உயரத்தை அடைந்துவிட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. பட்டறைச் சலனத்தின்போது இரு வழியாரும் தோளோடு தோள் நின்றார்கள், அனைவர் கையிலும் நிறைந்த குடங்கள் இருந்தன, சிறு சச்சரவும் இல்லை. காலிக் குடத்தோடு காணப்பட்டவள் ஒரே ஒரு பெண்தான். அவளைத் துறைகள் சேர்ந்து விசாரித்து வருகின்றன.