பார்க்கிங் லைசென்ஸும் ஒரு விலாங்கும்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பல் டாக்டரிடம் காத்திருந்தால், அங்கே கிடக்கும் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிவிடுவேன். பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்குவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களில் தலையாயது 2009இல் பார்க்கிங்கில் நடந்தது. (கார் நிறுத்துகிற பார்க்கிங் இல்லை, கிழக்கு லண்டனில் உள்ள ஊர். இதே குழப்பம் வேறு சிலருக்கும் வந்தது, சொல்கிறேன்.)

திருச்சியில் படித்துவிட்டு வந்து, லண்டனில் ஒரு சிறிய சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். பார்க்கிங் பக்கம் ஒரு சின்ன ஆற்றில், பழைய மாவு ஆலையின் தடுப்பணையில், குட்டி நீர்மின் நிலையம் ஒன்று வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதன் உரிமம் முடியப் போகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஆற்றுக்கும் மீனுக்கும் அதனால் என்ன கெடுதல் என்று ஆராய்ந்து, அக்கம்பக்கத்து மக்களையும் கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். மீன் என் மேலாளர் ஹெலனின் பாடு. மக்கள் என் பாடு.

முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், மற்றவர் ஹாலைப் பூட்ட வந்தவர். மக்களைக் கேட்கவே இல்லையே என்று உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து அறிக்கை திரும்பி வந்தது. அடுத்த கூட்டமும் காற்று வாங்கினால் இந்த வேலை நம் கையை விட்டுப் போகும், உன்னையும் வைத்துக்கொள்ள முடியாது என்றார் ஹெலன். வேலை போனால் விசாவும் போகும். அன்று முதல் எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது.

பக்கத்தில் குட்மேய்ஸ் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். பார்க்கிங்கில் பால், பத்திரிகை, பியர் எல்லாம் விற்கும் மூலைக்கடை வைத்திருந்தார். தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதி அவர் கடையில் ஒட்டினால் என்ன என்று யோசித்தேன். (ஹெலனிடம் கேட்டேனா? கேட்டால் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டுமே.) எழுதிக்கொண்டு போனேன். கடையில் கூட்டம். அண்ணை கல்லாவில் நின்றபடியே தலைப்பை மட்டும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உரிமம் எண்டா இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது தம்பி. லைசென்ஸ் எண்டு போடுங்கோ."

போட்டேன். பெரிய எழுத்தில் "பார்க்கிங்: லைசென்ஸ் புதுப்பிப்பு". கீழே இடமும் நேரமும். அப்புறம் என் சொந்தச் சரக்காக, "வராதவர்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்." நீர்மின் நிலையம் என்பது அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அவசரத்தில் நான் எடுத்த பிரதிகளில் அந்த அடிவரி மட்டும் விழவில்லை.

அப்போது எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. திருச்சிக்காரனுக்கு லைசென்ஸ் என்றால் வண்டி ஓட்டுவது. மூலைக்கடைக்காரருக்கு அது கவுன்சில் கொடுக்கும் மது விற்பனை அனுமதி. பதினெட்டு வயது ஆகாத பையனுக்குப் பியர் விற்றால் அதைப் பறித்துவிடுவார்கள், அது போனால் கடையே போச்சு. அண்ணை பதறிப்போய், தனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லாருக்கும் நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. கடைக்காரர்கள் கோட்டும் டையுமாக, கக்கத்தில் ஃபைலோடு வந்திருந்தார்கள். கார் நிறுத்தப் பெர்மிட் கேட்டு இரண்டு பேர். இத்தனை பேருக்கு ஆற்றின்மேல் இவ்வளவு அக்கறையா என்று ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம் என்றார் அவர். படம் அப்புறம் வரட்டும், நீங்கள் பேசுங்கள், நான் தமிழில் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஆற்றில் கடலிலிருந்து விலாங்குக் குஞ்சுகள் ஏறிவரும். மின்நிலையத்தின் டர்பைனுக்குள் போய்விட்டால் செத்துப்போகும். ஹெலன் அவற்றை "ஜுவனைல்ஸ்" என்றுதான் சொல்வார், நானும் அப்படியே தமிழாக்கினேன்.

"சின்ன வயசுக்காரங்க உள்ள நுழையறதுதான் எங்க பெரிய கவலை. கும்பலா வர்றாங்க. இருட்டினப்புறம்தான் ஜாஸ்தி." (மீனுக்கு எதற்கு மரியாதை என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் யாருக்கும் மரியாதை கொடுப்பேன்.)

ஹால் கொதித்தது. சிவம் அண்ணை எழுந்தார்.

"என்ர கடைக்குள்ள அப்பிடி ஒருத்தரும் வரேலாது. முகத்தில சந்தேகமெண்டா ஐடி கேப்பன். கமராவும் பூட்டியிருக்கு." (பூட்டுவது என்றால் அவர் தமிழில் பொருத்துவது.)

அவர்கள் வந்திருப்பது மது லைசென்ஸுக்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்ன சொல்கிறார் என்று ஹெலன் கேட்டார். நல்ல மனிதனாக இருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் சொன்னது: "ஒவ்வொன்றின் வயதையும் சரிபார்க்கணும், கேமரா வைக்கணும் என்கிறார்." ஹெலன் மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். வயதை எந்த முறையில் கண்டுபிடிப்பார்களாம் என்று கேட்டார். அண்ணையைக் கேட்டேன்.

"பாஸ்போட். இல்லாட்டி டிரைவிங் லைசென்ஸ்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது புரொஜெக்டருக்கு உயிர் வந்தது. சுவர் முழுக்க ஒரு விலாங்கு.

"தம்பி, இது விலாங்கெல்லோ?"

"ஆமாண்ணே."

"அப்ப, விலாங்கிட்டயோ நாங்கள் ஐடி கேட்டனாங்கள்?"

ஹெலனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கருத்துப் படிவங்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்தார். எல்லாரும் எழுந்து போகப்போகிறார்கள், நானும் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் நான் அந்தப் படிவங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்ததை அண்ணை பார்த்துவிட்டாராம். பிற்பாடு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

"சனிக்கிழமையில கடையைப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறம். சும்மா போகேலாது. ஃபோமைத் தாங்கோ" என்று அவர்தான் முதல் படிவத்தை எடுத்தார். பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கமரா பூட்டவும் என்று எழுதினார்கள். சின்னதுகளுக்குத் தனி வாசல் வைக்கவும் என்றும் எழுதினார்கள். அவை அப்படியே அறிக்கையின் பின்னிணைப்பில் போயின.

சில மாதம் கழித்து உரிமம் புதுப்பிக்கப்பட்டது, நிபந்தனையோடு: விலாங்குக் குஞ்சுகளுக்குத் தனி வழி, அதில் ஒரு கேமரா. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது, நிபந்தனையோடு: யாரும் கேட்காமல் மொழிபெயர்க்கக் கூடாது.

அந்தக் கேமரா தன் யோசனை என்று அண்ணை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீசை அரும்பாத பையன் எவனாவது பியர் டப்பாவோடு கல்லாவுக்கு வந்தால், "விலாங்கொண்டு வந்திருக்கு" என்று உள்ளே இருக்கும் மனைவிக்குக் குரல் கொடுப்பார். பார்க்கிங்கிலிருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் தமிழ்க் கடைகளில் அதுதான் சங்கேதச் சொல். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் மிட்டாய் வாங்கப் போனாலும் சிவம் பெரியப்பா ஐடி கேட்கிறாராம். வீட்டுக்கு வந்து என்னைத்தான் திட்டுகிறாள்.