வாசலில் பன்னிரண்டு வெள்ளைப் பூச்சாடிகள்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்புத் தங்கச்சி ஐறீனுக்கு அண்ணன் ஹியூபேட் எழுதிக்கொள்வது. நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, இங்கே வேறு கதை உலாவுவதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். மெல்பேர்ன் குளிரில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் நீ குறுக்கே கதைப்பாய், அதனால்தான் கடிதம்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருமுன் வாசலைப் பூச்சாடிகளால் அலங்கரிக்கச் சொல்லி நீ அனுப்பிய பதினேழு படங்களும் கிடைத்தன. அப்பா உனக்குச் சீதனமாக எழுதிய வீடு, விற்பது உன் உரிமை. நாற்பது வருடமாக அதில் படுத்தெழும்பும் எனக்கு அதில் பேச்சில்லை. இரத்மலானையில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பிடித்திருக்கிறாய், யன்னலால் பிளேன் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். நான் துறைமுகத்தில் வேலை செய்தவன், எனக்குப் பிளேனில் ஆசையில்லை. ஆனாலும் நீ சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். ஒவ்வொரு சாடியிலும் நடுவில் உயரமாக ஒரு பாம் பனைக்கன்று, சுற்றிவர வெள்ளைச் செவ்வந்தி, விளிம்பால் வழிய மணிபிளான்ட், வாசலுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. வெள்ளையும் பச்சையும் மட்டும் இருந்தால்தான் மதிப்பு என்றாய், அதையும் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஓட்டோவில் கொண்டுவந்தபோது ஒரு பாம் வெளியே தலையை நீட்டி, சந்தியில் நின்ற பொலிஸ்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு வந்தால், டெங்கு பார்க்கிற உத்தியோகத்தர் வாசலில் நிற்கிறார். "அங்கல், வத்துர தியன்ன பே", தண்ணீர் வைக்கக்கூடாது என்று சிங்களத்தில் சொல்லி, சாடிக்குக் கீழே நான் வைத்த தட்டுகளின் தண்ணீரையெல்லாம் என் காலடியிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். சனி காலை வெயிலில் செவ்வந்தி தலை தொங்கிவிட்டது. நிழல் கட்டு என்று நீ மெசேஜ் போட்டாய். என்னிடம் இருந்தது வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதை வாசலுக்கு மேலே கட்டினேன். இங்கே செத்தவீட்டுக்குத்தான் இரண்டு பக்கமும் பாம் சாடி வைத்து வெள்ளைத் துணி கட்டுவார்கள். நீ முப்பது வருடமாக அங்கே இருக்கிறாய், மறந்திருப்பாய். நான் இங்கேயே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு மண் போகக் குளிக்கப் போனேன். குளித்து, தலையில் துவாயோடு வந்தால் ஹோலில் எட்டுப் பெண்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்கிறார்கள். வெளியே மரண உதவிச் சங்கத்தார் பிளாஸ்ரிக் கதிரை அடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிறிஜெற் என்னைக் கண்டு செபமாலையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஹியூபேட் அண்ணை, அப்ப ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. வீடு விக்கிறதுக்கு வைச்ச பூச்சாடி."

"பெட்டிக்கும் சொல்லிப்போட்டமே" என்றார் சங்கத்துத் தலைவர், நான் ஏதோ ஏமாற்றிவிட்டது போல.

தொடங்கிய செபமாலையை இடையில் விடக்கூடாது என்று பிறிஜெற் சொன்னதால் நானும் முழங்காலில் நின்று, என் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சொல்லப்பட்ட மீதியைச் சொல்லி முடித்தேன். ஐறீன், ஒன்று சொல்லவேண்டும். நான் துவாயோடு வந்து நின்றபோது பிறிஜெற் ஒருவரின் கண்தான் நனைந்திருந்தது. மற்றவர்கள் வீடு இனி யாருக்கு என்று செபத்துக்கு நடுவில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவுதான் அழுகை என்று பார்த்துவிட்டேன், மனம் விட்டுப்போயிற்று.

வீடு பார்க்க வந்த ஸவாஹிரும் மனைவியும் பத்து மணிக்குக் காரில் ஒழுங்கைக்குள் திரும்பி, வெள்ளைத் துணியையும் கதிரைகளையும் கண்டு அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புறோக்கர் நிஸாமுக்கு முகமே கறுத்துவிட்டது. செத்தவீடு என்று பெயர் எடுத்த வீட்டை இனி யார் வாங்குவார்கள்? பிழை என்னுடையது, மன்னித்துக்கொள். அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், விற்கிற கதையை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடு. அதற்குள் நான் உண்மையாகவே போய்விடுவேன். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதுவரை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. உங்கள் எல்லோரையும் மாதா தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஹியூபேட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது நிஸாம் போன் எடுத்தார். ஸவாஹிர் தம்பதிக்குப் படத்தில் பார்த்தபோதே வீடு பிடித்ததாம். உள்ளே இருக்கிற கிழவன் வீட்டை விட்டு எழும்புவானோ மாட்டானோ என்பதுதான் யோசனையாக இருந்ததாம். இப்போது அந்தக் கவலை இல்லை, கேட்ட விலைக்கே எடுக்கிறார்களாம். "அங்கிள், நான் பொய் செல்லல்ல. ஆள் மௌத்தா, செத்துட்டாரான்னு கேட்டாங்க, நான் ஒண்டுமே செல்லல்ல" என்கிறார். சாவி கொடுக்க நீதான் வரவேண்டும், ஐறீன். நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம்.